நிடோ டின்னில் முந்திரிக்கொத்து

குமரி மாவட்டத்தில் எண்பதுகளில் பிள்ளைகளாக இருந்த எங்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஓர் அட்டைப்பெட்டி. நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் இறுக்கிக் கட்டி, கறுப்பு மையில் அப்பாவின் பெயரையும் ஊரையும் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பார்கள். பெட்டியைப் பிரித்தால் உள்ளே இருக்கும் அத்தனை பொருளிலும் ஒரே மணம் ஏறியிருக்கும். லக்ஸ் சோப்பும் யார்ட்லி பவுடரும் கோடாலித் தைலமும் ஒன்றாகக் கலந்த மணம். எங்கள் ஊரில் அதற்கு 'பாரின் மணம்' என்றே பெயர். நிடோ பால்மாவு டின், டாங் பொடி, அம்மாவுக்கு ஒரு ஜப்பான் சேலை, பாட்டிக்குக் கால்வலித் தைலம், தம்பிக்கு பேட்டரியில் ஓடும் கார், எனக்கு மூடி திறந்தால் பொன்னிறம் மின்னும் பேனா. சேலை மடிப்புக்குள் பத்திரமாக இரண்டு வெற்று கேசட்டுகளும் இருக்கும்.

அப்பா மஸ்கட்டில் வெல்டராக இருந்தார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் விடுப்பு. அது டிசம்பரில் வாய்க்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. அதனால் அநேக பண்டிகைகளுக்கு வீட்டுக்கு வந்தது அவர் அனுப்பிய பெட்டிதான்.

அன்று வெளிநாட்டுப் பொருளை இந்தியாவில் கடைக்குப் போய் வாங்கிவிட முடியாது. நுகர்பொருள் இறக்குமதிக்கு அரசு கதவை ஏறக்குறைய முழுசாகவே சாத்தி வைத்திருந்த காலம். சென்னைக்காரர்களுக்கு பர்மா பஜார் இருந்தது. எங்களுக்கு இருந்தது திருவனந்தபுரம் விமான நிலையம். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த மண் இது. நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு ஓர் இரவு முழுக்கப் பயணம், திருவனந்தபுரத்துக்கு இரண்டு மணி நேரப் பேருந்து. வளைகுடாவுக்குப் போனவர்களும் அந்த வழியாகத்தான் போனார்கள், பெட்டிகளும் அந்த வழியாகத்தான் வந்தன.

அந்தப் பெட்டி தபாலில் வரவில்லை என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஓர் ஆள் அதைச் சுமந்து வந்தார். விமானத்தில் ஒருவருக்கு இருபது கிலோ கொண்டுவரலாம் என்றால், அந்த இருபதில் தன் பிள்ளைகளுக்கு வாங்கியதைக் குறைத்துக்கொண்டு, கூட வேலைபார்ப்பவரின் பிள்ளைகளுக்காக நான்கைந்து கிலோ இடம் கொடுப்பார். லேபர் கேம்பில் அது எழுதாத சட்டம். இந்த முறை தக்கலைக்காரர் ஊருக்குப் போகிறார் என்றால் அவர் பெட்டியில் நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் குலசேகரத்துக்கும் சேர வேண்டிய பொட்டலங்கள் இருக்கும். அவர் ஊர் வந்து இறங்கிய மறுநாளே தகவல் வரும். அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு பேருந்தேறிப் போவார்.

அந்த வீட்டில் எங்களுக்கு முதலில் கிடைப்பது காப்பி. பிறகு அப்பாவைப் பற்றிய செய்தி. "சேட்டன் நல்லா இருக்காரு மைனி. கொஞ்சம் மெலிஞ்சிருக்காரு, அவ்வளவுதான். சமையல் அவருதான், கேட்டேளா. மீன்கறி வச்சாருன்னா கேம்பே மணக்கும்" என்று அந்த அண்ணாச்சி சொல்லச் சொல்ல அம்மா தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். கடிதத்தில் அப்பா எழுதாத எல்லாம் அங்கே தெரியவரும். விரலில் தீக்காயம் பட்டு ஆறியது, அறையில் எத்தனை பேர், யார் குறட்டை விடுவார்கள், கிறிஸ்துமஸ் இரவில் யார் வீட்டை நினைத்து அழுதார்கள். கடைசியாகத்தான் பெட்டி எங்கள் கைக்கு வரும். அந்த வயதில் நான் பெட்டிக்காகக் காத்திருந்தேன். இன்று யோசித்தால் அம்மா பேருந்தேறிப் போனது அந்தப் பேச்சுக்காகத்தான் என்று தெரிகிறது.

பாட்டியின் காலத்தில் வெளிநாடு என்றால் கொழும்பு. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து கப்பல், தலைமன்னாரில் இறங்கி மீண்டும் ரயில். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல், பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, தனுஷ்கோடியையே கொண்டுபோனது. பாட்டி தன் பெட்டியில் ஒரு சிலோன் சோப்பின் காலி உறையை வைத்திருந்தார். அவருடைய அண்ணன் கொண்டுவந்தது. சோப்பு கரைந்து பல ஆண்டாகியும் உறையை எறியவில்லை. நாகர்கோவிலின் அடையாளமான மணிமேடையில் ஓடும் கடிகாரமும்கூட வெளிநாட்டுப் பரிசுதான். இங்கிலாந்தில் செய்த அந்தக் கடிகாரத்தை லண்டன் மிஷன் போதகர் ஜேம்ஸ் டத்தி அளிக்க, 1893ல் மேடை எழுந்தது. இறக்குமதி எங்களுக்குப் புதிது அல்ல. ஆனால் எந்தப் பொருளும் கொண்டுவந்தவர் பெயர் இல்லாமல் வரவில்லை.

கடைப் பரிசு இவ்வளவு பெருமை பெறவில்லை. உள்நாட்டுப் பொருள் என்ற எண்ணமே எங்களுக்கு இல்லை. அது அன்றாடம். பண்டிகைத் துணி வடசேரியிலோ மணிமேடைப் பக்கமோ எடுப்போம். அண்ணன் தம்பிகளுக்கெல்லாம் ஒரே பீஸ் துணி, அக்கா தங்கைகளுக்கு ஒரே பூப்போட்ட துணி. டிசம்பர் பத்துக்கு மேல் தையல்காரர் புதுத்துணி வாங்கமாட்டார். அதற்குள் கொடுத்தாலும் இருபத்துநாலாம் தேதி ராத்திரி அவர் கடை வாசலில் நின்று, காஜா எடுக்கும் பையனைப் பார்த்துக்கொண்டிருப்பது எல்லார் வீட்டிலும் நடந்ததுதான். பத்தாம் வகுப்புத் தேறினால் எச்.எம்.டி. கடிகாரம் தருவதாகச் சித்தப்பா சொல்லியிருந்தார், தந்தார். 1961ல் பெங்களூரில் தொடங்கிய அந்தத் தயாரிப்பு 2016ல் நின்றுபோனது. என் கடிகாரம் இன்னும் சாவி கொடுத்தால் ஓடுகிறது. வாழ்த்து அட்டைகள் சிவகாசியில் அச்சானவை. உறையை ஒட்டாமல் அனுப்பினால் தபால்தலை குறைவு என்பதால் எல்லாரும் ஒட்டாமலே அனுப்பினோம். தபால்காரர் வழியில் படித்திருப்பார், படிக்கட்டும்.

வீட்டில் செய்தவை வேறு ஓர் உலகம். நட்சத்திரத்தை யாரும் கடையில் வாங்கவில்லை. மூங்கிலைச் சீவி, ஐந்து முனை வைத்துக் கட்டி, பட்டத்தாள் ஒட்டி, உள்ளே ஒரு நாற்பது வாட் பல்பு. குடிலுக்குப் புல் வேண்டுமென்று பத்து நாள் முன்பே தட்டில் நெல்லை விதைத்துத் தண்ணீர் தெளிப்போம். கிறிஸ்துமஸ் மரத்துக்குச் சவுக்குக் கிளை. ஓலைப்பெட்டி முடையத் தெரிந்த பெரியம்மா ஒருவர் இருந்தார். அவர் கொடுக்கும் பரிசு எப்போதும் அதுதான். சிறிதாக, மூடியோடு, குருத்தோலையில் நிறமேற்றிப் பின்னியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு நிறம் என்று முடிவுசெய்து வைத்திருந்தார். என் பெட்டி ஊதா. நான் ஊரைவிட்டுப் போன பிறகும் என் பங்கு ஊதாவிலேயே வந்தது.

அம்மாவின் பரிசு லேஸ். எங்களுக்குத் தைக்கும் கவுனின் கழுத்துக்கு அவர் பின்னிய பட்டைதான் வைத்துத் தைக்க வேண்டும். ஒரு சிறு தலையணை, அதன்மேல் ஊசி குத்திய காகிதம், நூல் சுற்றிய கட்டைகள் வரிசையாகத் தொங்கும். இரண்டு கைகளும் அந்தக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போடும் ஓசையில்தான் நாங்கள் தூங்கினோம். ஒரு சாண் பட்டைக்கு எத்தனை இரவு ஆனது என்று அவர் சொன்னதில்லை.

இந்த லேஸுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வரலாறு உண்டு. அதை அறியாமல் அதன் மதிப்பு புரியாது. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் பெண்பிள்ளைகளின் விடுதிப் பள்ளியில் இதைச் சொல்லிக் கொடுத்தார். அவருடைய மகள் எலைசா 1844ல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது கைத்தொழிலும் கூடவே போனது. அந்தப் பெண்கள் பின்னிய லேஸ் ஐரோப்பியர்களுக்கும் இங்கிலாந்துக்கும் விற்பனையானது. அன்றைய திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி இருந்தது, 1855ல்தான் ஒழிந்தது. அடிமைகளாயிருந்த பெண்கள் லேஸ் விற்ற காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறு சொல்கிறது. தோளில் மேலாடை போடும் உரிமைக்காக நாடார் பெண்கள் பல ஆண்டு அடிபட்டு, 1859ல் அரசு ஆணை வரும்வரை காத்திருந்த நாடு இது. அந்த நாட்டுப் பெண்களின் கைகள்தான் எங்கோ கடலுக்கப்பால் இருந்த சீமாட்டிகளின் கழுத்துப்பட்டையைப் பின்னின. லண்டனில் யாரோ ஒருத்தி அதைக் கிறிஸ்துமஸ் பரிசாகப் பெற்றிருக்கக்கூடும். அவளுக்கு அது கப்பலில் வந்த வெளிநாட்டுச் சரக்கு. இங்கே அது ஒரு பெண்ணின் விடுதலைக்கான காசு. இதைப் படித்த நாளிலிருந்து அம்மாவின் லேஸ் தலையணையை நான் வெறும் கைவேலைச் சாமானாக நினைத்ததில்லை. அது இப்போது என்னிடம் இருக்கிறது. என் விரல்களுக்கு அந்த வேலை வசப்படவில்லை.

இனி முந்திரிக்கொத்து. எங்கள் மாவட்டத்துக்கு வெளியே இதைப் பற்றிச் சொன்னால் முந்திரிப்பருப்பில் செய்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். முந்திரி இதில் கிடையாது. சிறுபயறைப் பொன்னிறமாக வறுத்து, திருவையில் உடைத்து, தோலைப் புடைத்துத் தள்ளி, மாவாகத் திரிக்க வேண்டும். தேங்காயைத் துருவி ஈரம் போகச் சிவக்க வறுக்க வேண்டும். எள், ஏலம், கொஞ்சம் சுக்கு. கருப்பட்டியோ வெல்லமோ பாகு காய்ச்சி, பதம் பார்த்து, எல்லாவற்றையும் கொட்டிக் கிளறி, சூடு ஆறுமுன் உருட்டிவிட வேண்டும். ஆறினால் பிடிக்காது, உதிர்ந்துபோகும். அதனால் பாகு காயும்போதே வீட்டில் இருக்கிற அத்தனை பேரையும் சுற்றி உட்கார வைப்பார் பாட்டி. பக்கத்து வீட்டு அக்காமார் வருவார்கள். உள்ளங்கை சிவந்துவிடும். உருண்டைகளை ஓர் இரவு உலரவிட்டு, மறுநாள் மஞ்சள்பொடி கலந்த அரிசிமாவுக் கரைசலில் தோய்த்து, மூன்று நான்காகச் சேர்த்துத் தேங்காய் எண்ணெயில் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொத்தாக எழும்பும். தேங்காயை நன்றாக வறுத்திருந்தால் வாரக்கணக்கில் கெடாது. கடல் கடந்து போகத் தகுந்த பலகாரம் என்று எங்கள் பெண்கள் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம்.

அதை அனுப்புவது எதில்? அப்பா முந்தைய ஆண்டு அனுப்பிய நிடோ டின்னில். காலியான டின்னைக் கழுவி, வெயிலில் காயவைத்து, அடியில் தாள் விரித்து, கொத்துகளை உடையாமல் அடுக்கி மூடுவார் அம்மா. "மக்கா, இது அப்பாவுக்குள்ளது. கை வைக்கப்பிடாது, கேட்டியா" என்று பாட்டி அதை உயரப் பரணில் ஏற்றுவார். விடுப்பு முடிந்து திரும்பிப் போகிற யாரோ ஓர் அண்ணாச்சி அதைத் தன் இருபது கிலோவுக்குள் சேர்த்துக்கொள்வார். கூடவே ஏத்தங்காய் சிப்ஸ் ஒரு பொட்டலம், மாங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில்.

கேசட்டும் அப்படித்தான் திரும்பிப் போனது. ஜப்பானில் செய்து, மஸ்கட்டில் வாங்கி, வெற்றாக வந்த கேசட்டில் எங்கள் குரல்களைப் பதிவுசெய்வோம். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். பாட்டி ஜெபம் செய்வார். தம்பி பெருக்கல் வாய்பாடு ஒப்பிப்பான். கீத பவனிக்காரர்கள் வாசலில் பாடும்போது அம்மா டேப்பை ஜன்னலில் வைத்துவிடுவார். நாய் குரைப்பதும், பெட்ரோமாக்ஸ் இரைவதும், யாரோ இருமுவதும் சேர்ந்து பதிவாகும். அம்மா மட்டும் எல்லாரும் தூங்கிய பிறகு தனியாக உட்கார்ந்து பேசுவார். என்ன பேசினார் என்று எங்களுக்குத் தெரியாது. அப்பா அந்தக் கேசட்டுகளை அழித்து மறுபடி பயன்படுத்தவில்லை. அவர் மஸ்கட்டைவிட்டு ஒரேயடியாக ஊர் திரும்பியபோது பெட்டியில் பாதி இடத்தை அவைதான் அடைத்திருந்தன.

அயலார்க்குக் கொடுப்பதிலும் ஒரு முறை இருந்தது. தீபாவளிக்குப் பலகாரம் அனுப்பிய வீடுகளுக்கும் பெருநாளுக்கு அனுப்பிய வீடுகளுக்கும் கிறிஸ்துமஸ் அன்று காலை ஆராதனை முடிந்ததும் தட்டு போகும். முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, கைச்சுற்று முறுக்கு, ஒரு சீப்பு பழம். தட்டை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். ஒரு பிடி சீனியாவது வைத்துத் தருவார்கள். அந்தத் தட்டில் பாரின் சாக்லேட்டை யாரும் வைத்ததாக எனக்கு நினைவில்லை. வெளிநாட்டுப் பொருள் வீட்டுக்குள் பிரித்துக்கொள்ள, அயல்வீட்டுக்குப் போவது அடுக்களையில் செய்தது. யாரும் இதை விதியாகச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லாரும் கடைப்பிடித்தார்கள். இப்போது தட்டு போகிறது, தங்கத்தாள் சுற்றிய கடை இனிப்புப் பெட்டியோடு. வாங்கிய வீட்டில் அதைப் பிரிக்காமல் அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடவும் முடிகிறது.

கல்லூரி விடுதியில் டிசம்பர் பிறந்ததும் சீட்டுக் குலுக்கிப் போட்டு 'கிறிஸ்மா, கிறிஸ்சைல்ட்' விளையாடுவோம். யாருக்கு யார் கிறிஸ்மா என்பது கடைசி நாள்வரை ரகசியம். அன்றாடம் ஏதாவது ஒளித்து வைத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் விடுதியில் காசு கொடுத்து வாங்கியது கூடாது என்று ஓர் அக்கா சட்டம் போட்டார். என் கிறிஸ்மா யாரென்று தெரியாமலே, துவைத்து மடித்த என் துணிகளையும், காய்ந்த ஆலிலையில் வரைந்த வாழ்த்தையும், தேர்வுக்கு வேண்டிய குறிப்புகளை அழகான கையெழுத்தில் எழுதிய தாள்களையும் பெற்றேன். வீடுகளில் பழகிய ஒன்றை அந்த அக்கா விடுதிக்குக் கொண்டுவந்திருந்தார்.

பிறகு கதவுகள் திறந்தன. 1991ல் தாராளமயம் தொடங்கியது. 2001 ஏப்ரல் 1ல் கடைசியாக மிஞ்சியிருந்த 715 பொருள்களின் மீதான அளவுக் கட்டுப்பாட்டையும் அரசு நீக்கியது. அந்த ஆண்டு முதல் பேட்டரி காரும் மின்னும் நட்சத்திரமும் எங்கள் தெருமுனைக் கடைக்கே வந்துவிட்டன. உலகத்துக்கு வேண்டிய கிறிஸ்துமஸ் அலங்காரங்களில் பெரும்பங்கு சீனாவின் ஈவூ நகரத்துச் சந்தையிலிருந்து போகிறது. அங்கு செய்பவர்களுக்கு அது கோடைகாலத்து வேலை, பண்டிகை அல்ல. பட்டத்தாள் ஒட்டிய மூங்கில் நட்சத்திரத்தின் விலைக்குள்ளேயே ஏழு நிறம் மாறும் பிளாஸ்டிக் நட்சத்திரம் கிடைக்கும்போது யாரைக் குறை சொல்ல? 2020ல் பொம்மைகளுக்கான சுங்கவரியை இருபதிலிருந்து அறுபது விழுக்காடாகவும், 2023ல் எழுபதாகவும் உயர்த்தினார்கள். தரச் சான்றும் கட்டாயமானது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலுக்கு அது மூச்சுவிட இடம் கொடுத்திருக்கலாம், நல்லதுதான். ஆனால் இந்தியாவில் செய்தது என்று அட்டையில் அச்சடித்திருந்தாலும் செய்தவர் யாரென்று எனக்கு இப்போதும் தெரிவதில்லை. பெட்டி கிடங்கிலிருந்து நேரே வாசலுக்கு வருகிறது. கொடுத்துவிட்டுப் போகும் பிள்ளைக்குத் தண்ணீர் குடிக்கவும் நேரமில்லை.

வளைகுடாவிலிருந்தும் பொட்டலம் சுமந்து வருவது நின்றுவிட்டது. பிறர் கொடுத்ததை உள்ளே என்ன என்று பார்க்காமல் வாங்கிப் போய், அதில் போதைப்பொருள் இருந்ததால் அயல்நாட்டுச் சிறையில் கிடந்தவர்களின் கதைகள் வந்த பிறகு, இருபது கிலோவில் இடம் கேட்கவும் கொடுக்கவும் அஞ்சுகிறோம். அந்த அச்சம் நியாயமானது. என்றாலும் தன் பிள்ளையின் பங்கைக் குறைத்து என் பேனாவைச் சுமந்து வந்த தக்கலை அண்ணாச்சியை நினைக்கும்போது நெஞ்சு அடைக்கிறது. அவரும் என் அப்பாவும் ஒரே ஆண்டில் போய்ச் சேர்ந்தார்கள்.

என் ஏக்கத்தை நான் பிரித்துச் சொல்லியாக வேண்டும். அம்மா டிசம்பர் முழுக்கத் தூங்கவில்லை. அடுப்புப் புகையில் பாட்டியின் கண் கெட்டது. வீட்டில் செய்த பரிசு என்று நாம் உருகுகிற எல்லாவற்றின் பின்னாலும் பெண்களின் முதுகுவலி இருக்கிறது, அந்த வலி திரும்பி வர வேண்டாம். அப்பா இல்லாத பண்டிகைகளும் வேண்டாம். பாரின் பெட்டியின் விலை அவர் எங்களோடு இல்லாத அத்தனை டிசம்பர்கள். நான் ஏங்குவது, கையில் வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் ஒரு முகம் தெரிந்த அந்த நிலைமைக்காக. பேனாவுக்குப் பின்னால் மஸ்கட் கடைத்தெருவில் எனக்காக நின்று தேர்ந்தெடுத்த அப்பா. கவுனுக்குப் பின்னால் கண் சிவந்த தையல்காரர். ஊதா ஓலைப்பெட்டிக்குப் பின்னால் பெரியம்மா. வெளிநாடா, உள்நாடா, வீடா என்ற வேறுபாடு அன்று பொருளின் பெருமையில்தான் இருந்தது. மூன்றிலும் ஆள் இருந்தார்.

ஆகவே இந்த மூன்றில் எதை வாங்குவது என்று என்னிடம் கேட்கும் பிள்ளைகளுக்கு நான் நேராகவே பதில் சொல்கிறேன். கடையில் வாங்குவதானால் செய்தவர் பெயர் தெரிந்த இடத்தில் வாங்குங்கள். மணப்பாட்டில் பெண்கள் இன்றும் பனையோலையில் பெட்டி முடைகிறார்கள். பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறார்கள். அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்புக் கடைகிறார்கள். ஒருமுறை நேரில் போய்விட்டு வாருங்கள், தொலைவு ஒன்றும் அதிகமில்லை. வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்புகிறவர்கள், அதை ஏன் இவருக்கென்று தேர்ந்தெடுத்தீர்கள் என்பதைக் கைப்பட இரண்டு வரி எழுதி உள்ளே வையுங்கள். பொருள் பழுதாகும், அந்தத் தாளை யாரும் எறியமாட்டார்கள்.

வீட்டில் ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள். நட்சத்திரமோ, வாழ்த்து அட்டையோ, பலகாரமோ. பாட்டியோ அத்தையோ உயிரோடு இருக்கும்போதே பாகுப் பதத்தைப் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இப்போது டிசம்பர் முதல் வாரமே பயறு வறுக்கிறோம். துருவுவது என் கணவர், வறுப்பது என் மகன், அம்மாவுக்கு நாற்காலி போட்டு மேற்பார்வை. ஆண்பிள்ளைகளைக் கூடத்தில் தொலைக்காட்சி முன் உட்கார விடாதீர்கள், அடுக்களைக்குக் கூப்பிடுங்கள். பாகு ஆறுமுன் உருட்டி முடிக்க நிறையக் கை வேண்டும்.